துத்திக்கீரை தின்றுவிட்டு ஸ்கோப்புக்குப் போனது

ஆடி 6, செவ்வாய்
காலையிலிருந்தே பேய்க்காற்று. கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு மாடியில். ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. காரணம்: வயிற்றுக் கோளாறு. மலத்தில் ரத்தம் என்றா எழுத முடியும்?

நாளை மறுநாள் திருநெல்வேலியில் ஸ்கோப், குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது. அதுவரை கீரை, விதை, தோல் எதுவும் ஆகாது என்றார் டாக்டர். வீட்டுக்காரருக்குக் காட்டில் உழவு. துணைக்கு அக்கா வந்திருக்கிறாள், பனவடலிசத்திரத்திலிருந்து.

பயம். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பம். மூலம் மூலம் என்று துத்திக்கீரையாகக் கொடுத்தோம். புற்று என்று தெரிந்தபோது ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆடி 7, புதன்
மத்தியானம் அக்கா துத்தியைச் சின்ன வெங்காயம் போட்டு வதக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். வேண்டாம் என்றேன்.

“ஏட்டி, ஊசி குத்துத டாக்டருக்கு மூலத்தைப் பத்தி என்ன தெரியும்? நான் சொல்லுதேன், தின்னு.”

தின்றேன். எனக்கும் புத்தி இல்லை. சாயங்காலம் மருந்துத் தண்ணீர். உப்பு, குமட்டல், கக்கூசே கதி.

ஆடி 8, வியாழன்
போன காரியம் ஆகவில்லை. குடலுக்குள் இலை இலையாக ஒட்டிக்கிடக்கிறதாம், ஒன்றும் தெரியவில்லையாம். டாக்டர் திட்டவில்லை. அதுதான் கூச்சம். நாளைக்கே மறுபடி. இங்கேயே ரூம். திரும்பவும் அந்தத் தண்ணீர். அக்காவே கலக்கிக் கொடுத்தாள்.

ஆடி 9, வெள்ளி
முடிந்தது. இரண்டு பாலிப். குடலின் உள்சுவரில் மரு மாதிரிச் சதை. அங்கேயே கம்பி வளையம் மாட்டி எடுத்துவிட்டார்கள். வலியே இல்லை. இத்தனை நாள் பயந்தது இதற்குத்தானா! சதை பரிசோதனைக்குப் போயிருக்கிறது. கூடப்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆடி 16, வெள்ளி
ரிப்போர்ட். புற்று இல்லை. இல்லவே இல்லை. ஆபீஸ் வராந்தாவில் நின்று அழுதேன், பியூன் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். சில வருஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம். பார்த்தால் போகிறது.

அக்காவுக்கு போன். சந்தோஷப்பட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கும் ரத்தம் போவுதுட்டி. ரெண்டு வருசமா.”

அதனால்தான் அவள் வீட்டுக்குப் பின்னால் அத்தனை துத்தி. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டவில்லை. டாக்டரிடம் நாள் வாங்கினேன்.

ஆடி 27, செவ்வாய்
அக்காவுக்கும் ஒன்று இருந்தது. போன வாரம் எடுத்தார்கள். முந்தின நாள் முழுக்க அடுப்படியில் நான் காவல், அவளுக்குக் கஞ்சித்தண்ணி மட்டும். தங்கச்சியைவிட அக்கா சுத்தமாக வந்திருக்கிறார் என்று டாக்டருக்குச் சிரிப்பு.

இன்று ரிப்போர்ட். அதுவும் சாதாரணச் சதைதான். அப்பாடா.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம், எப்படியோ சீட் கிடைத்தது. அக்கா ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசியபடியே வந்தாள். ஊர் நெருங்கும்போது அதை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அப்பாவுக்கும் பாத்திருக்கலாம்லா.”