காலியாக விட்ட பதினாறு கட்டம்

நாள் 112, காலை 6:10. செவ்வாய்க் கிரகம், தென்சரிவு நிலையம்

சிட்டு, காற்று அளவு சரி. தண்ணீர் வடிப்பான் சரி. கீரைத்தட்டுக்குத் தண்ணீர் விட்டாயிற்று. குறிப்பு எழுதுவது உன் வேலை. இனி நான்தான் எழுத வேண்டுமாம். என் பெயர் பேச்சியம்மாள். ஆராய்ச்சிக்கு வந்த மகள் சிட்டுக்குத் துணையாகச் சமைக்க வந்தவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். இதைக் கண்டெடுக்கிறவர்கள் பிழை பொறுக்கவும்.

இன்றோடு உனக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. தண்ணீர் தெளித்துச் சோறு வைத்தேன். இங்கே ஏது காக்கை? நானே தின்றேன்.

பிறகுதான் சுவரில் நீ ஒட்டிய அட்டவணையைப் பார்த்தேன். "கப்பல் வார அன்னைக்கு வண்டி வேண்டாம்மா. நாப்பத்திரண்டு கிலோமீட்டரும் ஓடியே போவோம். செவ்வாயில மொத மாரத்தான் நம்மதுதான்" என்று சிரித்தாயே. தினம் ஒரு கட்டம், ஓடியதற்கு ஒரு டிக். நீ போனதிலிருந்து பதினாறு கட்டம் காலி. துக்கவீட்டில் யாராவது ஓடுவார்களா? உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

வண்டி உன்னைக் கவிழ்த்த பள்ளத்திலேயே கிடக்கிறது, பதினோராவது கிலோமீட்டரில். இனி இது விளையாட்டு இல்லை. பூமிக்குக் கூட்டிப்போகும் கப்பல் இறங்கும் இடத்துக்கு என் கால்தான் வண்டி. முதுகு உருளையில் காற்று ஒன்பது மணி நேரம் வரும். இன்னும் இருபத்தொரு நாள்.

நாள் 114, மாலை 5:40

விட்டதைப் பிடிக்க இரண்டு நாளும் ட்ரெட்மில்லில் இரட்டை ஓட்டம். இடது முழங்கால் வீங்கிவிட்டது. உனக்குப் பயிற்சி சொன்ன ஆவுடைத்தங்கம் பூமியிலிருந்து பேசியது:

"யக்கா, விட்டது விட்டதுதான். அதப் பூராம் ஒரே நாளுல வாரிப் போட்டுக்கிட்டா காலு தாங்குமா? கடைசி பஸ்ஸப் பிடிக்கவா இந்த ஓட்டம் ஓடுதிய?"

"கடைசி பஸ்ஸேதாம்ட்டி" என்று பதில் அனுப்பினேன். அரைமணி நேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

நாள் 120, காலை 7:00

ஆறு நாளாக ஓடவில்லை. "காலை நீட்டி இருக்கதும் பயிற்சிதாங்க்கா" என்கிறாள் தங்கம். கட்டங்கள் காலியாகவே போகின்றன.

இன்று மெதுவாகக் கேட்டாள்: "யக்கா, கேக்கக் கூடாதுதான். சிட்டு முதுகுல இருந்த உருளையில காத்து மிச்சம் இருக்குமா?"

காலி என்று அனுப்பினேன்.

பொய். முக்கால் உருளை இருந்தது. அந்தப் பள்ளத்தில் உன்மேல் கல் அடுக்கும்போது அதைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.

நாள் 131, மாலை 4:15

அட்டவணையில் இன்றைக்கு முப்பது கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறாய். பதினெட்டில் கால் மடங்கிவிட்டது. தங்கத்திடம் இருபத்தெட்டு என்றேன். அவள் நம்பவில்லை. நம்பினதுபோலப் பேசினாள்.

நாள் 133, காலை 5:00. குரல் பதிவு

கிளம்பிவிட்டேன். கீரையைப் பறித்துத் தின்றுவிட்டேன். வாடவிட மனமில்லை. உன் அட்டவணை உள்சட்டைக்குள் இருக்கிறது. மாலை ஆறுவரை கப்பல் நிற்குமாம்.

6:35

ஐந்து கிலோமீட்டர். ஓட்டம் என்று சொல்ல முடியாது. நொண்டல்.

8:20

பதினொன்று. தங்கத்தின் குரல்:

"யக்கா, இந்த வேகத்துல காத்து பத்தாது. அந்தப் பள்ளத்துல மட்டும் நின்னுராதிய. அங்கிட்டுப் பாக்காம வந்துருங்க."

பாவம் பிள்ளை, உன் உருளை காலி என்று நான் சொன்ன பொய்யை நம்பிப் பேசுகிறது. எனக்கு ஐந்தே முக்கால் மணி நேரக் காற்றுகூட இல்லை. மிச்சம் முப்பத்தொரு கிலோமீட்டர். அந்தப் பதினாறு நாளும் ஓடியிருந்தால் உன்னைத் தொந்தரவு செய்யாமல் தாண்டிப் போயிருப்பேன்.

8:31

நின்றுவிட்டேன்.

8:50

கல்லை எல்லாம் எடுத்தாயிற்று. முகத்தைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் புரட்டினேன். கனமே இல்லை நீ.

உருளையின் முள் இன்னும் முக்காலில்தான் நிற்கிறது. ஒரு மூச்சுகூட எடுக்கவில்லையே நீ.

கை திருகில் இருக்கிறது. திருப்ப வேண்டியதுதான்.

இதைக் கழற்றினால் உனக்கு மூச்சு முட்டாதா, சிட்டு?