ஆளுக்கு இரண்டு பிடி

இல்லை வாண்டு, யாருக்கும் தெரியாமல் நான் எதையும் எடுத்துத் தின்னவில்லை. அப்பா அப்படிச் சொல்லியிருந்தால் அது அவருடைய குறும்பு. நீ போனில் கேட்டபோது சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. வாரமெல்லாம் இறங்குகிற எடை திங்கட்கிழமை காலையில் எப்படித் திரும்ப வந்து ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்றுதானே கேட்டாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் உன் முகம் எதிரே வந்துவிட்டால் எல்லாம் நல்லா இருக்கு என்பதைத் தவிர வேறு வாக்கியம் எனக்கு வருவதில்லை.

முதலில் நலம் சொல்லிவிடுகிறேன். இங்கே இருவரும் நலம். அப்பாவின் இருமல் அது பாட்டுக்கு இருக்கிறது, என் முழங்கால் அது பாட்டுக்கு இருக்கிறது, ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? நலம் என்றுதான் எழுதுவாய். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

இப்போது சனிக்கிழமை மத்தியானம். மூக்குக் கண்ணாடிக் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு வந்து, முகம் கழுவி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா உள்ளே பாதித் தூக்கத்தில் இருக்கிறார், ரேடியோ முழு விழிப்பில் இருக்கிறது. மழை வருகிற மாதிரி இருக்கிறது, வரவில்லை. இந்த நேரத்தில்தான் எனக்கு ஆபத்து. வயிற்றில் பசி இருக்காது. கைக்கு வேலை இருக்காது. கை சும்மா இருந்தால் அதுவே எழுந்து போய் பிஸ்கட் டப்பாவைத் திறக்கும். அதனால் பேனாவைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் நீளமாக இருந்தால் அதற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை.

டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். முழுதாகச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். இரண்டு முழங்காலையும் மாற்றத் தேதி கொடுத்துவிட்டார். ஆனால் எடை குறையாமல் உங்களை டேபிள்ல ஏத்த மாட்டேன்மா, மயக்க மருந்துக்கும் நல்லதில்ல, புது மூட்டுக்கும் நல்லதில்ல என்றார். இன்னும் நான்கு கிலோ. அடுத்த மாதம் கடைசியாக நிறுத்துப் பார்ப்பார்கள். குறையவில்லை என்றால் என் தேதி வரிசையில் நிற்கிற வேறு யாருக்கோ போய்விடும், எனக்கு அடுத்த வருஷம்தான். நான்கு கிலோ என்றால் என்ன என்று கேட்காதே. அது உன் வீட்டு மாடிப்படி. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, ஒருமுறை நீ மூச்சு வாங்க ஏறிக்கொண்டே போனைத் திருப்பிக் காட்டினாயே, பச்சைக் கைப்பிடி, இரண்டாவது திருப்பத்தில் யாரோ விட்டுப்போன சைக்கிள். அந்தப் படியை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் ஏறிவிட்டேன். சைக்கிள் வரைக்கும் போவேன். அதற்கு மேல் எனக்குப் படம் இல்லை. உன் வீடு எனக்கு ஒரு போன் அகலம்தான் தெரியும். உன் தலைக்குப் பின்னால் ஒரு ஜன்னல், அதன் பாதி. மீதிப் பாதியில் என்ன இருக்கிறது? கதவைத் திறந்ததும் என்ன வாசனை வரும்? செருப்பை எங்கே விடுவாய்? இதையெல்லாம் ஒரு தாய் தெரியாமல் இருக்கலாமா என்று கேட்டால் இருக்கலாம்தான். ஊர் உலகத்தில் இருக்கிறார்கள். எனக்கு முடியவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வார நாளில் எனக்குக் கஷ்டமே இல்லை. காலையில் டப்பா கட்டுகிறேன். கீழ்த் தட்டில் காய், மேல் தட்டில் கொஞ்சம் சோறும் பருப்பும் ஒரு முட்டையும். மூடியைப் போட்டுவிட்டால் முடிந்தது, மத்தியானம் அதில் இருப்பதைத்தான் சாப்பிட முடியும், நினைத்தாலும் அதிகமாகாது. கடையில் லென்ஸ் வெட்டுகிற பையன் (பையன் என்றால் கல்யாணமாகி இரண்டு குழந்தை) தினமும் வறுத்த கடலையை நீட்டி, அக்கா ஒண்ணே ஒண்ணு என்பான். ஒண்ணுன்னு ஆரம்பிச்சுத்தான்டா இந்தக் கால் இப்படி ஆச்சு என்பேன். சிரிப்பான். நானும் சிரிப்பேன். அதோடு சரி. வேலை ஓடும். மூக்கில் தழும்பு விழுகிற பிரேமைச் சூடு காட்டி வளைப்பது, ஸ்டூலில் உட்காருபவர்களுக்கு லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு எது தெளிவு, முதல்ல போட்டதா, இப்ப போட்டதா என்று கேட்பது. நிறையப் பேர் இரண்டுமே நல்லா இருக்கு என்பார்கள். எதிரே இருக்கும் எழுத்து கண்ணுக்குத் தெரிந்திருக்காது. நான் சலித்துக்கொள்ளக் கூடாதே என்று அப்படிச் சொல்வார்கள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன்.

சனிக்கிழமை ஷட்டர் இறங்கியதும் டப்பாவும் போய்விடுகிறது. வாரம் முழுக்க நல்ல பிள்ளையாக இருந்தேனே என்று எனக்கு நானே ஒரு பரிசு கொடுத்துக்கொள்வேன். டீயோடு இரண்டு பிஸ்கட். பிறகு அந்த இரண்டு தனியாக இருக்கிறதே என்று இன்னும் இரண்டு. ஞாயிறு காலையில் தாமதமாக எழுவது, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்வது, அதுதான் பெரிய தப்பு என்று இப்போது புரிகிறது, ஏனென்றால் பிறகு உன் போனுக்காகக் காத்திருப்போம். உன் ஊர் மணியும் எங்கள் மணியும் சேருகிற அந்த ஒரு நேரம் வருவதற்குள் எனக்குக் கண் இருட்டிவிடும். சமைத்து வைத்திருப்பேன். எவ்வளவு? அங்கேதான் விஷயம்.

எனக்கு அரிசி அளக்கக் கைதான். ஆளுக்கு இரண்டு பிடி. நீ வாங்கி அனுப்பிய அளவுக் கப் அலமாரியில் அழகாக இருக்கிறது, கை அதை மதிப்பதில்லை. டப்பா கட்டுகிற நாளில் கை சரியாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆறு பிடி போடுகிறது. நான் போடச் சொல்லவில்லை. ஆறு பிடி போட்டு, கழுவி, அடுப்பில் ஏற்றிய பிறகுதான் கவனிப்பேன், சில நாள் அப்போதும் கவனிப்பதில்லை. உருளைக்கிழங்கும் அப்படித்தான். ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று, உனக்குப் பிடிக்கிற மாதிரி. அப்பாவுக்கு முறுகினால் பல்லில் ஏறாது. எனக்கு உருளைக்கிழங்கே கூடாது. அப்படியென்றால் யாருக்கு வறுக்கிறேன்? போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்தவுடன் நீ காட்டு காட்டு என்பாய். வாணலியைச் சாய்த்துக் காட்டுவேன். ஐயோ அம்மா என்று உன் கண் விரியும். அந்த ஒரு வினாடி. அதற்காகத்தான். நீ போனை வைத்த பிறகு அந்த வறுவல் அங்கேயே இருக்கும். உன் பங்கு. குப்பையில் போட மனசு வருமா? அடுத்த நாளைக்கு எடுத்து வைக்கலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை உனக்காகச் செய்ததைத் திங்கட்கிழமை எடுத்துச் சூடு பண்ணுவது எனக்கு என்னவோ போல இருக்கிறது. ஆகவே சாப்பிட்டுவிடுவேன். ருசி தெரியாது. நீ சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் போன் வரவில்லை. உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை, திடீரென்று டியூட்டி போட்டால் நீ என்ன செய்வாய். ஸாரிமா என்று நீ அனுப்பியது சாயங்காலம்தான் வந்தது. அதுவரை போன் ஜக்கில் சாய்ந்தபடியே இருந்தது. அப்பா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிவிட்டார். நான் மட்டும் அடுப்பருகே போய் நின்றேன். நின்றபடியே, வாணலியிலிருந்தே, தட்டு கூட எடுக்காமல், எல்லாவற்றையும். உட்கார்ந்தால் சாப்பாடு ஆகிவிடும், நின்றால் கணக்கில் வராது என்று எனக்குள் ஏதோ ஒன்று நினைத்துக்கொள்கிறது போல. திரும்பிப் பார்த்தால் அப்பா சமையலறை வாசற்படியில் நிற்கிறார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தோம். சாப்பாடு பற்றிச் சொல்லித் தருகிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றேனே, உன் வயசுதான், பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுவாள், அதைக் கடிக்காதேம்மா என்று சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள்வேன். அவள் திட்டவில்லை. வார நாள்ல இவ்வளவு ஒழுங்கா இருக்கீங்க, சனி ஞாயிறு வீட்டுக்கு விருந்தாளி யாராச்சும் வருவாங்களா ஆன்ட்டி என்று கேட்டாள். இல்லையே என்று நான் சொல்வதற்குள், அதுவரை சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, ஒருத்தி வர்றதில்ல, அதனாலதான் என்றார். அந்தப் பெண் பேனாவை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம், நான் அவர் பக்கம். எதுக்கு அப்படிச் சொன்னீங்க என்று கேட்கலாம் என்று நினைத்தேன். இறங்குகிற இடம் வந்துவிட்டது.

அவள் சொன்னது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சனி ஞாயிறும் அதே நேரத்துக்கு எழுந்திருங்க, காலைச் சாப்பாட்டை விடாதீங்க, பிடிச்சதை ஒண்ணு மட்டும் வெச்சுக்கோங்க, உட்கார்ந்து சாப்பிடுங்க, ஒரு வேளை தப்பிப்போனா அடுத்த வேளையில சரி பண்ணிடுங்க, அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க. இவ்வளவுதான். நான் அதோடு ஒன்று சேர்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையும் டப்பா கட்டப் போகிறேன். வீட்டில், அதே மேசையில், டப்பாவைத் திறந்து சாப்பிடுவேன். அப்பாவிடம் சொன்னேன். அப்ப நான் லென்ஸ் வெட்டற பையன் மாதிரி பக்கத்துல உட்கார்ந்து கடலை நீட்டட்டுமா என்கிறார். நீட்டினால் என்ன செய்வேன் என்று அவருக்கும் தெரியும்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான் கண்ணு. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காட்டு என்று கேட்காதே. கேட்டால் காட்டத் தோன்றும், காட்ட வேண்டும் என்றால் சமைக்கத் தோன்றும். இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. நீயும் எனக்குக் காட்டுகிறாய். வாரா வாரம் அந்த நீலத் தட்டு, அதில் மூன்று நிறத்தில் காய், பக்கத்தில் பழம். நான் முகத்தைப் பார்த்தே கண்ணாடி நம்பர் சொல்கிறவள். உன் கன்னம் உள்ளே போயிருக்கிறது, ஸ்பூனை எடுக்கிறாய், பேசுகிறாய், வைக்கிறாய். மற்ற நாளில் என்ன சாப்பிடுகிறாய் என்று நான் கேட்டதில்லை, கேட்டால் நல்லா சாப்பிடறேன்மா என்பாய். இரண்டுமே நல்லா இருக்கு என்று ஸ்டூலில் உட்கார்ந்து சொல்கிறவர்களைப் போல நாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் அதிகமாகச் சாப்பிட்டுச் சொல்கிறேன், நீ சாப்பிடாமல் சொல்கிறாய். நாளைக்கு நீ எதைச் சாப்பிடுவாயோ அதையே எடுத்துக்கொண்டு வா. காய்ந்த ரொட்டியாக இருந்தாலும் சரி, நின்றுகொண்டே சாப்பிடுவதாக இருந்தாலும் சரி. என் டப்பாவும் பார்க்க அழகாக இருக்காது. இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் நாளை என்பது எப்போதோ முடிந்திருக்கும், தெரியும். அதனால் நாளைக்குப் போனில் நானே சொல்லப் பார்க்கிறேன். வாய் வராவிட்டால் இது வந்து சொல்லட்டும்.

வேறு விசேஷம் இல்லை. உன் அறையில் இப்போது அப்பாவின் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது, வேறெதையும் மாற்றவில்லை. எதிர்வீட்டு டீச்சர் உன்னைக் கேட்டார், நல்லா இருக்கா என்றேன். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்காதே, கோடு விழும், கண்ணாடி உறைக்குள் துணி வைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். குடையை மறக்காதே. காலையில் ஏதாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு கிளம்பு. நீ நன்றாக இருக்க வேண்டும், நீ நினைக்கிறது நடக்க வேண்டும், உன் உடம்பு உன் பேச்சைக் கேட்க வேண்டும். என் உடம்பு கேட்கிற நாளில் பச்சைக் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறி வருவேன். சைக்கிளை மட்டும் யாரையாவது எடுக்கச் சொல்.

உன் படிகளையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

மடிப்பதற்கு முன் இன்னும் கொஞ்சம். எழுதி முடித்ததும் எழுந்து போய் நாளைக்கு வேண்டிய அரிசியை இப்போதே அளந்து வைத்துவிடலாம் என்று அரிசி டப்பாவைத் திறந்தேன். அப்பாவுக்கு இரண்டு பிடி, எனக்கு ஒன்று. போட்டேன். கை திரும்ப உள்ளே போனது. கொஞ்ச நேரம் அரிசிக்குள்ளேயே வைத்திருந்தேன், குளிர்ச்சியாக இருந்தது. பிறகு வெறும் கையை எடுத்து டப்பாவை மூடினேன்.