பதினைந்து எண்ணும் வரை

மார்ச் 16, 2009. திங்கள்

விடியும்போதே புழுக்கம். ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய பேப்பர் விரித்து வைத்திருந்தேன். எழுந்ததும் போய்ப் பார்த்தேன். மூன்று சொட்டு எண்ணெய், கறுப்பு. தண்ணீர் ஒழுகவில்லை. பரவாயில்லை.

வண்டி: டீசல், ஜீப் மாதிரி உயரம், பன்னிரண்டு வயது. ஒரு காலத்தில் வெள்ளை. துபாயில் இருக்கிற என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஜாபருடையது. ஜாபர் திரும்ப துபாய் போகிறார். "ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க தங்கச்சி. புடிச்சிருந்தா எழுதிக்கலாம்" என்று சாவியைக் கொடுத்தார். என்னிடம் இல்லை, மாமியார் கையில்.

பதவி உயர்வு என்று ஜனவரியில் ஒரு தாள் வந்ததோடு என் நிம்மதி போயிற்று. புதுப் பள்ளி முப்பத்தொரு கிலோமீட்டர் தள்ளி. கும்பகோணத்தில் ஏறி, திருப்பனந்தாளில் இறங்கி, மினி பஸ் பிடிக்க வேண்டும். மினி பஸ் வராத நாளில் நடை. 9.10-க்குள் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நாள் தாமதமானால் ஒரு நாள் விடுப்பு கழியும். ஐந்து நாள் கழிந்துவிட்டது. ஒரு மெமோவும் வாங்கியாயிற்று. இயற்பியல் டீச்சருக்கு நேரத்தைப் பற்றி மெமோ!

இந்த வண்டி தினமும் என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்பதுதான் கேள்வி. அவர் போனில் முடிவாகச் சொல்லிவிட்டார்: "ஒரே ஒரு தடவ வழியில நின்னாலும் வேலைய விட்டுடணும். பொண்டாட்டி ரோட்டுல நிக்கணும்னு எனக்கென்ன வேண்டுதலா?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல.

பார்க்க வேண்டியவை:
1. காலையில் எடுக்கிறதா
2. சூடு முள்
3. பிரேக். இடது பக்கம் இழுக்கிறது
4. எண்ணெய், தினம் எத்தனை சொட்டு
5. நான் பயப்படாமல் ஓட்டுகிறேனா

கிலோமீட்டர் காட்டும் மீட்டர் எப்போதோ நின்றுபோயிருக்கிறது. ஜாபரிடம் கேட்டால், "அதிகமா ஓடலைம்மா." எல்லாரும் சொல்வதுதான்.

மார்ச் 18. புதன்

எடுக்கவில்லை. கிர்ர் கிர்ர் என்று இழுத்துவிட்டு ஓய்ந்தது. மாமி வாசலில் நின்று, "ஆம்பளைக்கே அடங்காத வண்டி" என்றார். யாரிடம் சொன்னாரோ. தெருவில் பால்காரரைத் தவிர ஆள் இல்லை. 7.10 பஸ்ஸும் போயிற்று.

மெக்கானிக் பாஸ்கர் வந்தார். என் வீட்டுக்காரரோடு பள்ளியில் படித்தவர். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வண்டியில ஒண்ணும் இல்ல டீச்சர். டீசலு. காலையில கொஞ்சம் சூடு காட்டணும். சாவிய ஒரு திருப்பு திருப்பி அப்படியே வைங்க. மஞ்ச வெளக்கு எரியும். அணைஞ்சதும் அவசரப்படாதீங்க. பதினஞ்சு எண்ணிட்டு அடிங்க."

"எல்லா வண்டிக்குமா?"

"இதுல ஒரு ஹீட்டர் ப்ளக் போயிடுச்சு. திருச்சியிலேருந்து வரணும். அது வர்ற வரைக்கும் நீங்க எண்ணுங்க."

எண்ணினேன். எடுத்தது. பள்ளிக்கு 9.20. தாமதம் 1.

பாஸ்கரிடம், "இத அவர்கிட்ட சொல்ல வேணாம்" என்றேன். "நான் எதுக்கு டீச்சர் சொல்லப் போறேன்?"

ராத்திரி போனில் நான் சொன்னது: நல்லா ஓடுது. வழியில் நிற்கவில்லையே, வாசலில்தானே நின்றது. அது கணக்கில் வராது.

மார்ச் 20. வெள்ளி

சோதனை. பத்து எண்ணி அடித்தேன், எடுக்கவில்லை. பதினான்கு, இல்லை. பதினைந்து, எடுத்தது. நேற்றும் இதேதான். பதினாறு வேண்டியதில்லை, பதினான்கு போதாது. சோதனைச்சாலையில் பிள்ளைகளுக்கு இவ்வளவு சுத்தமாக விடை வந்ததில்லை.

எண்ணெய் 4 சொட்டு. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை மேற்பார்வை எனக்கா? கேட்க.

மார்ச் 23. திங்கள்

இன்று நன்றாக ஓடியது. ஐம்பது நிமிடம். சோழபுரம் தாண்டியதும் சாலை காலி. மூன்றாவது கியரில் போட்டால் அது பாட்டுக்குப் போகிறது. அந்த ஐம்பது நிமிடத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உப்பு எங்கே, சட்டை எங்கே, எங்கே போறே, எப்ப வருவே, ஒன்றுமில்லை. முப்பத்தெட்டு வயது ஆகிறது. இப்படி ஓர் ஐம்பது நிமிடம் இதுவரை வாய்த்ததில்லை. வாய்விட்டுப் பாடினேன் என்று இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

குறை: என் பக்கத்துக் கண்ணாடி இறங்காது. ஏ.சி. போட்டால் சூடு முள் ஏறுகிறது. எஞ்சின் வேக வேண்டும், அல்லது நான் வேக வேண்டும். நான் வெந்தேன். இறங்கும்போது துப்பட்டா பிழியலாம்.

அதற்குள் ஆளுக்கொரு திட்டம். மாமி: "வெள்ளிக்கெழம நாகூர் போயிட்டு வந்துடலாம். ஞாயித்துக்கெழம மாயவரத்துல ஒரு கல்யாணம்." கூட வேலை பார்க்கும் கணக்கு டீச்சர்: "வழியிலதான இருக்கேன், என்னையும் ஏத்திக்கங்களேன்." வண்டி ஓடவில்லை என்றால் வேலை போகும். ஓடினால் நான் இந்த ஊருக்கு டிரைவர். நல்ல பிழைப்பு.

மார்ச் 26. வியாழன்

காலை பத்தரைக்கு அவர் போன். வகுப்பில் இருந்தேன், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போன் செய்கிற மனிதர் இல்லை. இடைவேளையில் கூப்பிட்டேன். "சும்மாதான். வண்டி எப்படி?" என்றார். நல்லா ஓடுது என்றேன். "அப்படியா" என்றார். அந்த அப்படியா எனக்குப் பிடிக்கவில்லை.

பாஸ்கர் கிளட்ச் பார்த்துக் கொடுத்தார். இடது பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது, அதையும் பார்க்கச் சொன்னேன்.

மார்ச் 27. வெள்ளி

வந்ததும் முதலில் நோட்டை எடுத்தேன். எழுதிவிட்டால் மனசு அடங்கும்.

பள்ளிக்கு நாலு கிலோமீட்டர் முன்னால், சாலை முழுக்க உளுந்துச் செடி. அறுத்துக் காயவைத்த செடியை ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகள் மிதித்துப் பிரிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். சின்ன கார்க்காரர்கள் திட்டிக்கொண்டே ஓரமாகப் போவார்கள். ஓரத்தில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்ததும் கையாட்டினார்கள்.

"ஏத்துங்க டீச்சர், ஏத்துங்க! பெரிய வண்டி, நல்லா மிதிக்கும்!"

எனக்கும் பெருமை. உயரமான வண்டி, அடியில் எதுவும் தட்டாது என்று நேராக ஏற்றினேன். சக்கரம் மிதித்தது. அடியில் சுற்றுகிற தண்டு சும்மா இருக்குமா? செடியை இழுத்துச் சுருட்டிக்கொண்டது. அரைக் கிலோமீட்டர் தாண்டியதும் தீய்ந்த வாடை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் புகை. என் பக்கம் கண்ணாடி இறங்கவில்லை. கதவைத் திறக்கக்கூட ஒரு நிமிடம் தோன்றவில்லை. இதற்குள்ளேயே இருந்துவிடப் போகிறேன் என்றுதான் தோன்றியது.

அந்தப் பெண்கள்தான் ஓடி வந்தார்கள். அவர்களில் செல்வி என்கிற அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கருக்கரிவாளோடு அடியில் புகுந்துவிட்டார்.

"தண்ணிய ஊத்தாதீங்கடி, சைலன்சர் வெடிச்சிரப் போவுது! மண்ணப் போடுங்க!"

சைலன்சரில் ஒட்டிக் கருகின செடி, தண்டில் கயிறாக முறுக்கின செடி, எல்லாம் கத்தை கத்தையாக வெளியே வந்தது. உராய்வு, வெப்பம். ஒன்பதாம் வகுப்புப் பாடம். நடத்துகிறவள் நான். வெட்கமாக இருந்தது.

செல்வி அம்மாள் மூஞ்சியெல்லாம் கரியோடு வெளியே வந்து கேட்டார்: "வண்டி ஒங்களுதா டீச்சர்?"

"இன்னும் இல்ல."

"வாங்கிப் போடுங்க. ஒரு புடி தீ புடிச்சும் ஒண்ணும் ஆவல பாருங்க."

மறுபடி எடுத்ததும் உடனே கிளம்பியது. 9.31. தாமதம் 2. ஹெச்.எம். கடிகாரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கன்னத்தில் கரி இருந்ததாம், மதியம்தான் ஒருத்தி சொன்னாள். சாயங்காலம் பாஸ்கரிடம் வண்டியின் அடிப்பக்கத்தைக் காட்டினேன்.

இது வழியில் நின்றதுதான். எப்படிச் சுற்றிச் சொன்னாலும் நின்றதுதான். ராத்திரி போனில்: "நல்லா ஓடுது." பொய் சொல்லச் சொல்ல நாக்கு பழகிவிடுகிறது. ஆனாலும் எனக்கு இந்த வண்டி வேண்டும்.

மார்ச் 30. திங்கள்

எல்லாம் தெரிந்திருக்கிறது.

ராத்திரி இஷா தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன், போன். நான் நல்லா ஓடுது என்பதற்குள் அவரே வரிசையாகச் சொன்னார். "பதினெட்டாம் தேதி எடுக்கல. ஹீட்டர் ப்ளக். அப்புறம் கிளட்ச். வெள்ளிக்கெழம அடியில புகை." ஒவ்வொரு நாளும் பாஸ்கருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். இத்தனை நாளும் நான் பொய் சொல்ல, அவர் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார்.

அவ்வளவுதான், ராஜினாமா என்று மனதுக்குள் எழுதவே ஆரம்பித்துவிட்டேன்.

"வேலைய விட வேணாம்" என்றார்.

"என்ன?"

"இங்க ஆளக் கொறச்சுட்டாங்க. எனக்கு வேலை போயி ரெண்டு மாசம் ஆவுது. ஒனக்குச் சொல்லல. சனிக்கெழம வர்றேன். நீ வண்டியப் பத்திக் கவலப்படாத. இனிமே நானே தெனம் கொண்டு போயி விட்டுட்டு, சாயங்காலம் கூட்டிட்டு வந்துடறேன்."

பாவம் மனிதர். பதினாறு வருஷம் அங்கே மணலில் கிடந்தவர். இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாமல், ஏழு பேர் அறையில் படுத்துக்கொண்டு, வேலைக்குப் போகிறவர் மாதிரி போன் செய்திருக்கிறார். அவரும் என்னைப் போலத்தான் தினமும் நல்லா ஓடுது என்று சொல்லியிருக்கிறார். அழுகை வந்தது, அழுதேன்.

ஆனால் முதலில் தோன்றியது அது இல்லை. அந்த ஐம்பது நிமிடம் போயிற்றே என்பதுதான் முதலில். இதை யாரிடம் சொல்ல முடியும்?

ஏப்ரல் 1. புதன்

பாஸ்கரிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார். "சார் கேக்கறாங்க, சொல்லாம எப்படி டீச்சர்? நல்ல வண்டின்னும் சொன்னேனே. டீச்சர் நல்லா ஓட்டுறாங்கன்னும் சொன்னேன்." அந்த இரண்டாவதை வீட்டுக்காரர் என்னிடம் சொல்லவில்லை.

ப்ளக் இன்னும் வரவில்லை. எண்ணெய் 3.

ஏப்ரல் 4. சனி

திருச்சி ஏர்போர்ட். நான் ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். "அவன் வந்து எறங்கும்போது நீ டிரைவர் மாதிரி நிப்பியா?" என்றார் மாமி. ஆக்டிங் டிரைவர் ஒருவரை ஏற்பாடு செய்தார். நான் பின்சீட்டில். விளக்கு அணைந்ததும் பதினைந்து எண்ண வேண்டும் என்றேன். அந்த மனிதர் எண்ணினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் இளைத்துப் போய் வந்து இறங்கினார். பெட்டி ஒன்றுதான். ஜாபருக்குப் போன் செய்து முடித்துவிட்டார், வண்டி எழுதிக்கொள்ளலாம் என்று.

"ஆர்.சி. புக் யார் பேருல?" என்றேன்.

"என் பேருலதான். ஏன்?"

சும்மாதான் என்றேன்.

ஏப்ரல் 5. ஞாயிறு

வண்டி கழுவினார். சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டார். எனக்கு உயரம் போதாமல் வைத்திருந்த தலையணையை எடுத்துப் பின்சீட்டில் போட்டார். கண்ணாடியைத் திருப்பினார். வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்த முகம். நான் எப்படித் தடுப்பேன்?

வாங்க: பச்சை மிளகாய், சிவப்பு மை.

ஏப்ரல் 6. திங்கள்

7.40. அவர் ஸ்டீயரிங்கில், நான் இடது பக்கம், மடியில் சாப்பாட்டுப் பை. "வெளக்கு அணைஞ்சதும் பதினஞ்சு எண்ணணும்" என்றேன்.

"எனக்கே சொல்லித் தர்றியா? பதினாறு வருசம் அங்க ஓட்டினவன்."

விளக்கு அணைந்த உடனே அடித்தார். கிர்ர். இல்லை. மறுபடி. மறுபடி. பேட்டரி இளைக்கிற சத்தம் எனக்குத் தெரியும். 7.52. எனக்குத் தாமதம் இரண்டு ஏற்கெனவே இருக்கிறது.

"இந்த வண்டிய நம்பி எப்படித் தெனம் போனே?" என்றார். காது மடல் சிவந்துவிட்டது.

வாசலில் மாமி. "நேத்து வரைக்கும் நல்லாத்தான போயிட்டிருந்துச்சு" என்றார். சத்தியமாக மாமிதான் சொன்னார்.

நான் இறங்கினேன். முன்பக்கம் சுற்றிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். "எறங்குங்க" என்றேன். மாமியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இறங்கினார். தலையணையை எடுத்துப் போட்டுக்கொண்டு, சீட்டை முன்னால் இழுத்து, விளக்கு அணைந்த பிறகு மனசுக்குள் பதினைந்து எண்ணினேன். எடுத்தது.

வழி முழுக்க அவர் காலால் தரையில் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். உளுந்து கிடந்த இடத்தில் ஓரமாகப் போனேன். செல்வி அம்மாள் கையாட்டினார். "யாரு அது?" என்று கேட்டார் வீட்டுக்காரர். தெரிஞ்சவங்க என்றேன். 9.08 கையெழுத்து.

அதற்கு முன்னால், கேட்டில் நிறுத்தியதும் அவர் கையை நீட்டினார். "சாவியக் குடு. இன்னிக்கு ஒரு நாள்தான். நாளையிலேருந்து நான்." கொடுத்தேன். சுற்றி வந்து உட்கார்ந்தார், சீட்டைப் பின்னால் தள்ளினார். கிளம்பப் போனவர் நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"காலையில எடுக்கறதுக்கு எத்தன எண்ணணும்னு சொன்னே?"

"பத்து" என்றேன்.