எண்ணெய்ச் சட்டி வைத்த தீபாவளி

நெய்வேலி
தீபாவளி கழிந்த மூன்றாம் நாள்

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்கு அம்மா தனகோட்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி அன்புமணியும் நலமாகத்தான் இருக்கிறோம், என் கை இரண்டும்தான் வழக்கம்போல என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி அபியும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்க கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே கை எப்படி இருக்கு, மாத்திரை போட்டியா, கீழே உட்காராதே என்று நீயே பேசி நீயே வைத்துவிடுகிறாய். நர்ஸ் வேலையை ஆஸ்பத்திரியில் பார், என்னிடம் பார்க்காதே. ஆர்ச் கேட் பக்கம் இருக்கிற ராமலிங்கம் மகன் சிவக்குமார் உங்கள் ஊருக்குத்தான் கிளம்புகிறான், அவனிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு டப்பாவையும் கொடுத்து அனுப்புகிறேன். காகிதத்தின் குறுக்கே உன்னால் பேச முடியாது, முழுசாகப் படி.

முதலில் நீ அனுப்பிய கையுறை. போட்டால் விரலுக்குக் கதகதப்பாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனேன், மீன்காரன் எல்லார் முன்னாலும் 'என்னா ஆயா, இந்த வயசுல ஸ்கூட்டி கத்துக்கினு இருக்கியா' என்று கேட்டான். அன்றைக்குக் கழற்றிப் பீரோவில் வைத்ததுதான். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வேறு. ஒருத்தி முடக்கத்தான் தோசை சாப்பிடு என்கிறாள், ஒருத்தி பிரண்டை என்கிறாள், உன் தம்பி போனைப் பார்த்துவிட்டு மஞ்சள் என்கிறான். எல்லாம் தின்றாகிவிட்டது. காலையில் எழுந்தால் விரல் மடங்குவதில்லை, வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு அதற்கே மனது வரும்வரை உட்கார்ந்திருந்துதான் கேஸைத் திருகுகிறேன். குக்கர் மூடியை அன்புமணி ஷிப்டுக்குப் போகும் முன்னே திறந்து வைத்துவிட்டுப் போக வேண்டும், மறந்துவிட்டுப் போனால் அன்றைக்கு எனக்கு மோர்ச்சோறுதான். இதெல்லாம் பழகிப்போச்சு, இதற்காக நான் எழுத உட்காரவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது நீ செய்த வேலைக்காக. போன வருஷம் ஆவணியில் உன் அப்பா போனார். அந்தத் தீபாவளிக்கு நாம் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் அடுப்பில் எண்ணெய் காயக் கூடாது, அக்கம்பக்கம்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுக்கும். அப்படித்தான் அடுத்த குவார்ட்டர்ஸ் விஜயகுமாரி முறுக்கு கொண்டுவந்தாள், பின்வரிசை திலகவதி சோமாசி கொண்டுவந்தாள். வாங்கி வைத்தேன். அவர்கள் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் போட்டுக் கொடுக்க ஒன்றுமில்லை. கொஞ்சம் சர்க்கரையைப் போட்டுக் கொடுத்துவிடு அக்கா என்று திலகவதியே சொன்னாள், எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு டப்பாவும் ஒரு வருஷமாக மேல் ஷெல்பில் உன் அப்பாவின் மைன்ஸ் ஹெல்மெட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. இந்த ஆவணியில் வருஷம் திரும்பியது, சாமி கும்பிட்டாகிவிட்டது. இந்தத் தீபாவளிக்கு நானே சட்டி வைத்து, அதிரசம் சுட்டு, அவருக்குப் படைத்து, அந்த டப்பாக்களை நிறைத்துத் திருப்பிக் கொடுத்தால்தான் இந்த வீட்டுத் தீட்டு என் மனசிலிருந்து இறங்கும் என்று நினைத்து வைத்திருந்தேன். உன்னிடமும் போனில் சொன்னேன். நீ சரிம்மா சரிம்மா என்றாய்.

சரிம்மா என்று சொல்லிவிட்டு என்ன செய்தாய்? தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மெஷினில் கொடுத்து, மாவு ஈரம் காயும் முன்னே பாகு வைத்தேன். அன்புமணி டே ஷிப்ட், வீட்டில் யாரும் இல்லை. பாகு பதம் வந்தது, பாதி மாவைக் கொட்டினேன், கரண்டியைப் பிடித்தால் கட்டை விரலிலிருந்து முழங்கை வரை சுள்ளென்று ஏறுகிறது. இரண்டு கையாலும் பிடித்தேன். கரண்டி நழுவி மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது, நான் எடுப்பதற்குள் பாகு இறுகிக் கொட்டின மாவு கல்லாகிப்போனது. பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன், அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடிக்கிறது. கதவைத் திறந்தால் விஜயகுமாரியும் திலகவதியும் ஆளுக்கு ஒரு டப்பா முறுக்கோடு நிற்கிறார்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். எழவு வீட்டுக்குக் கொண்டுவருவது போல இரண்டாம் வருஷமும் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன், என் வூட்ல இன்னும் யாரு செத்துக் கெடக்குறான்னு கொண்டாந்தீங்க என்று. மாடியிலிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். விஜயகுமாரிக்குக் கண் கலங்கிவிட்டது, அவள் திருநெல்வேலிப் பக்கம், 'யக்கா, ஒங்க மவதான் போன் பண்ணிச் சொன்னா, அம்மாவுக்குக் கை முடியல, அடுப்புகிட்ட விடாதீங்கன்னு. எங்கூர்ல இப்பிடில்லாம் ஒண்ணும் கெடையாதுக்கா' என்றாள். அவளை விடு, நம்ம மேல்பட்டாம்பாக்கத்துக்காரி திலகவதிக்குமா தெரியாது? கேட்டால் 'எனக்குத் தெரியும்க்கா, ஆனா பிரியா அழுதுகினே சொல்லிச்சி, நான் என்னா பண்றது' என்கிறாள். அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அழுது அழுது என் வீட்டை மறுபடியும் சாவு வீடாக்கப் பார்த்தாயே. நல்லதற்குத்தான் செய்தேன் என்பாய். தெரியும். நல்லதற்குச் செய்தாலும் என்னைக் கேட்டுச் செய்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். அம்மா இத்தனை வருஷம் செய்த கைதானே, இனி ஓயட்டும் என்று நீ நினைக்கிறாய். என் விரல் கோணிக்கொண்ட நாளிலிருந்து பாகு கிளறினது நான் இல்லை. உன் அப்பா. ஷிப்ட் முடிந்து வந்து, கரித்தூசு போகக் குளித்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். 'மைன்ஸ்லயும் நான்தான் தோண்டணும், இங்கியும் நான்தான் கிண்டணுமா' என்று முனகிக்கொண்டே கிளறுவார். சுட்ட அதிரசத்தை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெய் பிழிவதும் அவர்தான். வெளியே சொல்லாதே, தனகோட்டி கைப்பக்குவம்னு ஊரே சொல்லுது, இருந்துட்டுப் போவட்டும் என்பார். அவர் போன பிறகு எனக்குப் புருஷனும் இல்லை, கையும் இல்லை. நீ அவர் காரியத்துக்கு வந்திருந்தாயே, அப்போது இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கத்தி முடித்து நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். விஜயகுமாரி உள்ளே எட்டிப் பார்த்தாள், கல்லாகிப்போன மாவைப் பார்த்தாள். டப்பாவைப் படிக்கு வெளியிலேயே வைத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, 'கொண்டாந்தாத்தானக்கா தப்பு? ஒங்க அடுப்பு, ஒங்க எண்ணெய். நா இங்கனயே நின்னு கிண்டுதேன், நீங்க ஏசிக்கிட்டே சொல்லுங்க' என்றாள். மிச்சம் இருந்த மாவுக்குப் புதுசாகப் பாகு வைத்தோம், ஏசிக்கொண்டேதான் சொன்னேன். அவள் ஊரில் முந்திரிக்கொத்துக்குப் பாகு வைப்பார்களாம், அந்தப் பதத்தில் எடுக்கப் பார்க்கிறாள், நான் இது அதிரசம்டி என்று கத்துகிறேன், திலகவதி வெல்லம் உடைத்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கிறாள். மாவு ஒரு நாள் ஊறியது. மறுநாள் தட்டி எண்ணெயில் போடும்போது முதல் அதிரசத்தை மட்டும் யாரையும் தொட விடவில்லை. நானே தட்டினேன், கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து நானே எடுத்தேன். எடுக்க நேரமாகிவிட்டது, ஒரு பக்கம் கருகி, ஓரம் விட்டுப்போனது. அதைத்தான் தீபாவளியன்று அவர் போட்டோ முன்னால் புது வேட்டியோடு முதலில் வைத்தேன். இருந்திருந்தால் என்னா இது ரப்பர் மாதிரி என்று கேட்டிருப்பார். கேட்கட்டும் என்று வைத்தேன்.

படைத்து முடித்ததும் ஷெல்பிலிருந்த டப்பா இரண்டையும் நிறைத்து அன்புமணியிடம் கொடுத்தனுப்பினேன். விஜயகுமாரி டப்பாவில் இசக்கிமுத்து என்று அவள் வீட்டுக்காரர் பெயர் வெட்டியிருக்கிறது, ஒரு வருஷமாக அதை இவள் தொலைத்துவிட்டாள் என்று அவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம். வாயைத் திறந்து கேட்டாளா பார். அன்றைக்கு ராத்திரி கை இரண்டும் வீங்கிவிட்டது, நீ கேட்கும் முன்னே சொல்லிவிடுகிறேன், மாத்திரை போட்டேன், கையுறையும் போட்டேன். வலி இருந்தது. ஆனால் தூங்கினேன்.

இனி அக்கம்பக்கத்தில் யாருக்கும் என்னைக் கேட்காமல் போன் போடாதே. அபிக்குக் காதை மூடித் தொப்பி போடு. மாப்பிள்ளைக்கு டப்பாவில் இருக்கிற அதிரசத்தை லேசாகச் சூடுபண்ணிக் கொடு, மைக்ரோவேவில் ரொம்ப நேரம் வைத்தால் கல்லாகிவிடும். நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக, மனசுக்குக் குறையில்லாமல் இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று. இந்த டப்பா உன் கல்யாணச் சீரில் வாங்கியது, வெயிட் ஆகும் என்று நீ விட்டுவிட்டுப் போனாயே, அது, மூடியில் உன் பெயர் இருக்கிறது பார். இதைக் காலியாகத் திருப்பாதே. யாரிடமும் கொடுத்து அனுப்பவும் செய்யாதே. அடுத்த தீபாவளிக்கு நீயே எடுத்துக்கொண்டு வா, பாகு கிளற ஒரு கை குறைகிறது.

இப்படிக்கு
உன் மேல் கோபம் இன்னும் தீராத அம்மா
தனகோட்டி தெய்வசிகாமணி