ஆசா ராஜாவின் கால்

அண்ணனுக்கு,

நீ நன்றாகத்தான் இருப்பாய், விசாரிக்கவில்லை. போன் செய்தால் கிளாஸ் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி, உதிரி பாகம் ஏற்றிக்கொண்டு உன் கல்லூரிப் பக்கம் வரும் எங்கள் கம்பெனி வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா சர்க்கரைக்கு ஊசி போடுவதை நிறுத்திப் பதினோரு நாள் ஆகிறது. மருந்து பிரிட்ஜில் அப்படியே இருக்கிறது. இடது கால் கட்டைவிரல் புண் கறுத்துவிட்டது. காரணம் உனக்குத் தெரியும். உன்னிடம்தான் முதலில் சொன்னாளாம். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரலை வைத்திருக்கிறாள். விரல் பட்டது, பழைய ஏற்பாட்டில் ஆசா ராஜாவுக்குக் காலில் வியாதி வந்தபோது அவன் கர்த்தரை விட்டுவிட்டு வைத்தியர்களைத் தேடினான் என்ற இடம். கால் என்று பார்த்ததும் முடிந்தது. கர்த்தரே பேசிவிட்டார், இனி டாக்டர் யார் என்கிறாள்.

அதற்கு நீ, ஜெபிச்சுக்கிறேம்மா என்றாயாம். ஜெபம் செய், யார் வேண்டாம் என்றது? அதை மட்டும் சொல்லவா மூன்று வருஷம் இறையியல் படித்தாய்?

நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். எங்கள் கையேட்டில் பிரேக்கைத் தளர்த்து என்று ஒரு வரி இருக்கிறது. பொய்யான வரி இல்லை. முந்தின பக்கத்தைப் படிக்காமல் அதை மட்டும் செய்தால் ஆள் காலி. அதனால்தான் கையேட்டைக் கொடுத்ததோடு விடாமல் ஆறு மாதம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த அதிகாரத்தை முதலிலிருந்து நானே படித்தேன். ஆசா கர்த்தரை நம்பாமல் அந்நிய ராஜாவிடம் உதவிக்குப் போனான், கண்டித்த தீர்க்கதரிசியைச் சிறையில் போட்டான். கடைசியில் காலிலும் அதே பிடிவாதம். குற்றம் வைத்தியர்மேல் இல்லை. அதே வேதத்தில் வேறொரு இடத்தில், இன்னொரு ராஜாவின் கட்டிக்கு அத்திப்பழத்தை வைத்துக் கட்டச் சொன்னதே ஒரு தீர்க்கதரிசிதான். இது என் கண்டுபிடிப்பு இல்லை. நீ அலமாரியில் போட்டுவிட்டுப் போன நோட்டில் உன் கையெழுத்திலேயே இருக்கிறது! அதைக் காட்டினால் அம்மா, போடா, நட்டு போல்டு படிச்சவனுக்கு வேதத்துல என்ன தெரியும், பெரியவன் சொல்லட்டும் பார்க்கலாம் என்கிறாள்.

பெரியவனோ வாயைத் திறப்பதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். போன விடுமுறையில், ஒரு வசனத்துக்கு மூலமொழியில் வேறு அர்த்தமும் உண்டு என்றாய். படிப்பு உன் விசுவாசத்தைத் தின்றுவிட்டது என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். அன்றைக்குப் பூட்டிய வாய்தான். நல்ல பிள்ளை என்ற பேர் உனக்கு அவ்வளவு முக்கியமா? அந்தப் பேரைக் காப்பாற்ற அவள் காலையா விலையாகக் கொடுப்பாய்?

வெள்ளிக்கிழமைக்குள் ஊசி ஆரம்பிக்காவிட்டால் விரலோடு நிற்காது, பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று, நான் கொண்டுபோன போட்டோவைப் பார்த்து டாக்டர் சொல்லிவிட்டார். இன்று செவ்வாய்.

கடிதம் கிடைத்த கையோடு புறப்பட்டு வா. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய வேதத்திலேயே, அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்துக்காட்டு. அழுவாள். திட்டுவாள். இனி என் முகத்தில் முழிக்காதே என்று எழுந்து உள்ளே போனாலும் போவாள். போகட்டும் அண்ணா. எழுந்து போக அவளுக்கு இரண்டு காலும் இருக்கட்டும்.

உன் தம்பி