எலி ஊரில் நின்ற ஆம்புலன்ஸ்

கோலார் தங்க வயல்
17 நவம்பர் 2024, ஞாயிறு, காலை பதினொன்றே கால்
இடிக்க வேண்டியது: ஒரு ரூம்

அன்புள்ள கரோலினுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தம்பி லாய்டும் ஆண்டவர் தயவில் நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், அங்கே தேஜ்பூரில் நீயும் அப்படியே, குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு, படிப்பில் குறைவில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மேலே எழுதியிருக்கிற ஒரு ரூம் உன் ரூம்தான். சுத்தி வளைச்சு எழுத எனக்கு வராது, உனக்கே தெரியும். போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், விஷயம் இருந்த இடத்திலேயே நிற்கும். அம்மாவும் லாய்டும் சர்ச்சிலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், அதுக்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன். கடைசி வரைக்கும் படி, பாதியில் போன் போடாதே.

பியாட்ரிஸ் டீச்சர் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன் என்று சொன்னேன் இல்லையா. பெங்களூரில் எவனோ வேண்டாமென்று கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஆறு, அதில் ஓடுவது நாலு, பசங்க பதினாலு பேர். நீளம் அகலம் பரப்பு கன அளவு எதுவுமே இதுங்க மண்டையில் ஏறல நோயல் என்று டீச்சர் நம் வீட்டு வாசலில் நின்று புலம்பினபோது நீதான் சொன்னாய், நானும் லாய்டும் விளையாடுறோமே கட்டை அடுக்குற கேம், அத்த வெச்சு சொல்லிக் குடுங்கப்பா, தானா ஏறும் என்று. ஏறியது. அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஏறினதுதான் இப்போ என் தலைவலி.

முதல் ரெண்டு வாரம் ஒவ்வொருத்தனும் அரண்மனை கட்டினான். நாகேஷ் என்று ஒரு பையன் தங்கக் கட்டையிலேயே கக்கூஸ் கட்டி, அதுக்கு மேலே கொடி வேற நட்டு வெச்சான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இஷ்டத்துக்கு அடுக்க இது என்ன பொம்மைக் கடையா, டேப் வெச்சு அளக்க முடியுறதத்தான் கட்டணும், இல்லாட்டி எழுந்து போங்க என்று சொல்லிவிட்டேன். என்ன அளப்பது என்று கேட்டார்கள். நம்ம லைனையே அளங்கடா, தெருவும் வீடுங்களும் இருக்கிறபடியே என்றேன். ஒரு அடிக்கு ஒரு கட்டை என்று கணக்கு வைத்தோம். அப்படி வைத்தால் கேமுக்குள் நடக்கிற ஆள் உயரம் ரெண்டு கட்டை கூட வரவில்லை, வீட்டுக்கு வீடு மதில் ஏற முடியாமல் பசங்க எல்லாம் எலி மாதிரி ஓடினார்கள். அதனால் அந்த ஊருக்கு எலி ஊர் என்றே பேர் வைத்தார்கள்.

டேப்பைக் கையில் கொடுத்து லைனுக்குள் அனுப்பினது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அன்னிக்கு எனக்கு உறைக்கவில்லை. பட்டா இல்லாத வீடுகள், சுரங்கக் கம்பெனி அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிக் கொடுத்ததுக்கு மேலே ஆளாளுக்கு ரெண்டு அடி மூணு அடி இழுத்துக் கட்டியிருக்கிறோம், அங்கே போய் பதினாலு பசங்க ஒரு கையில் டேப், ஒரு கையில் பேப்பர். காலி பண்ணச் சொல்லி சர்வேக்கு ஆள் வந்திருக்கு என்று பத்து நிமிஷத்தில் லைன் முழுக்கப் பேச்சு. மரியகுழந்தை ஆண்ட்டி துணி துவைக்கிற கல்லைத் தானே உருட்டி உள்ளே போட்டுவிட்டாள். இன்னாடா அளக்கிறீங்க, யாருடா அனுப்ச்சது என்று லாய்டைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள், இவன் கேமு ஆண்ட்டி என்று சொல்ல, கேமுக்கு டேப்பு எதுக்குடா, உங்கப்பன் லிஃப்டு ரிப்பேரு பண்றவனா, கெவுர்மெண்டு ஆளா என்று கேட்டு, அப்புறம் டேப்பின் ஒரு நுனியைத் தானே பிடித்துக்கொண்டு, ஒரு அடி கம்மியா எழுதிக்கோ கண்ணு, ஆண்ட்டி முறுக்கு தரேன் என்றாளாம். முறுக்கைத் தின்றுவிட்டு சரியாகவே எழுதிக்கொண்டு வந்தான். நான்தான் அப்படிப் பழக்கியிருக்கிறேன். என் வேலையில் லிஃப்ட் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் கூடக் குறைந்தால் ஆள் விழுவான், அதனால் அளவில் பொய் இருக்கக் கூடாது என்று வகுப்பில் கத்திக் கத்திச் சொன்னேன்.

இப்போ தசரதன் விஷயம். கடைசி வீட்டில் பார்வதம்மாவின் வீட்டுக்காரர், சுரங்கத்தில் இருபது வருஷத்துக்கு மேலே டிரில் பிடித்தவர், அந்தக் கல்தூசு இன்னும் அவர் நெஞ்சை விடவில்லை. நீ கிளம்பிப் போன அடுத்த மாசம் மழையில் ஒரு நாள் காலையில் அவருக்கு மூச்சு நின்று நின்று வந்தது, நாங்கள் நாலு பேர் பிளாஸ்டிக் சேரில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்று சொன்னேன், முழுசாகச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் ரோட்டு முனையிலேயே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து கரண்டு கம்பத்தைப் பார்த்துவிட்டு, இதுல வண்டி போவாதுங்க என்றான். ஆக்ஸிஜன் வண்டிக்குள்ளே, ஆள் வீட்டுக்குள்ளே. சேர் வழுக்கி நடுவில் ஒரு தடவை கீழே வைத்தோம், அவர் உதடு நீலமாக இருந்தது, நான் பார்த்தேன். கோலார் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்து திரும்பி வந்தார். வந்ததிலிருந்து லைனில் எல்லாரும் அந்தக் கம்பத்தைத்தான் திட்டினோம். கம்பத்தை மாற்றச் சொல்லி மனு எழுதினது யார், நான். அதை கன்னடத்தில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன்.

அவர் பேத்தி வாணி வகுப்பில் இருக்கிறாள். எலி ஊர் முடிந்ததும், அங்கிள் ஒரு ஆம்புலன்ஸ் உட்டுப் பாக்கலாமா என்று கேட்டாள். எலிக்கு எல்லாம் எதுக்குடி ஆம்புலன்ஸ், பூனைய அனுப்பு என்றான் நாகேஷ், எல்லாரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. நல்ல பாடம்தானே என்று எனக்கும் பட்டது. ஸ்டாண்டில் நிற்கிற வண்டியை பசங்களையே அளக்கச் சொன்னேன், கண்ணாடி மடக்கினால் ஆறரை அடி, ஏழு கட்டை. வண்டி தானாக ஒரு கட்டை ஒரு கட்டையாக முன்னால் நகர, முன்னால் ஏதாவது இடித்தால் நிற்க நான் ஒரு கமாண்ட் எழுதிக் கொடுத்தேன். போன வார சனிக்கிழமை ஓட்டினோம். லாய்ட் வாயாலேயே சைரன் ஊதினான். கம்பத்துகிட்ட வந்ததும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், வண்டி அதைத் தாண்டிப் போய்விட்டது, இடமும் மீதி இருந்தது. பசங்க பெஞ்சைத் தட்டினார்கள். மரியகுழந்தை வீடு தாண்டியது, மூணு வீடு தாண்டியது. அப்புறம் நின்றது. லாய்ட் கொஞ்ச நேரம் சைரன் ஊதிக்கொண்டே இருந்தான், அப்புறம் அவனும் நிறுத்தினான். அது அங்கிள் வீடு என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

ஒரு பக்கம் குழாய் மேடை, அது லைனுக்கே பொது, அசைக்க முடியாது. இன்னொரு பக்கம் உன் ரூம்.

கம்ப்யூட்டர் தப்பு என்று சொன்னேன். திரும்ப ஓட்டினேன், திரும்ப அங்கேயே நின்றது. டீ குடிக்கப் பசங்களை வெளியே அனுப்பிவிட்டு வண்டியில் ஒரு கட்டையை உருவிவிட்டேன். உள்ளே வந்த உடனே வாணி, அங்கிள் ஆம்புலன்ஸ் இளைச்சிடுச்சா என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். அந்தக் கட்டையைத் திரும்ப வைத்தேன். பாதி அடிக்கெல்லாம் முழுக்கட்டை வைத்ததால் வந்த தப்பாக இருக்கும் என்று அன்னிக்கு சாயங்காலம் நானே என் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். மூணு தடவை அளந்தேன். சுவருக்கும் குழாய் மேடைக்கும் நடுவில் ஆறு அடி. வண்டி ஆறரை. கம்பத்தை ஊரே சேர்ந்து பிடுங்கினாலும் வண்டி நம்ம வீட்டைத் தாண்டாது, நம்ம வீட்டைத் தாண்டினால் கடைசி வரைக்கும் தடையே கிடையாது. அதையும் அளந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். எல்லாரும்தான் இழுத்துக் கட்டிக்கீறாங்க, உனக்கு மட்டும் இன்னா வந்துச்சு, வெளாட்டுல வண்டி நின்னா நெசத்துல சுவர ஒடைப்பியா என்கிறாள். நாலு நாளாக என்னோடு பேச்சில்லை, சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்தில்தான் பேசுகிறாள். அவள் சொல்வதும் தப்பில்லை. லாக்டவுனில் நீ ஆன்லைன் கிளாசில் உட்காரும்போது ஒரே ரூமில் டிவி, குக்கர், லாய்ட், நான் போனில் கத்துவது, எல்லாம் உன் தலைமேலேயே நடந்தது. அதனால்தான் ஹாலோ பிளாக் அடுக்கி அந்த ரூமை என் கையால் கட்டினேன். கழற்றிப் போட்ட லிஃப்ட் கதவில் உனக்கு மேஜை போட்டேன், பக்கத்தில் அதன் பட்டன் பலகையை மாட்டினேன், பட்டன் ஓட்டைகளில் நீ பேனா சொருகி வைப்பாய், மூணாவது மாடியில் எப்பவும் சிவப்புப் பேனா. அந்த மேஜையில் உட்கார்ந்துதானே இவ்வளவு தூரம் போனாய். ஒரு தடவை இடித்தால் திரும்பக் கட்ட முடியாது, இன்னிக்குக் கட்ட யாரும் விட மாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்தால் உன்னை எங்கே படுக்க வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சரி, இடித்துவிட்டேன், வண்டியும் உள்ளே வந்துவிட்டது என்றே வை, அந்த மனுஷன் நெஞ்சிலிருக்கிற தூசை எந்த வண்டி எடுக்கும். அதுவும் எனக்குத் தெரிகிறது. எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் கையில் ஒண்ணும் நிற்கவில்லை.

தசரதன் வீட்டில் ஒருத்தர் வந்து சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன், இந்தக் கடிதமே வந்திருக்காது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்வதம்மா எப்பவும்போல லாய்டைக் கூப்பிட்டு உட்கார வைத்து தோசை போடுகிறாள். பெங்களூர் வேலையிலிருந்து ரயிலில் வந்து நான் அவனைக் கூப்பிடப் போனால், அவர் வாசலில் உட்கார்ந்துகொண்டு இன்னா நோயலு, ரயிலு லேட்டா என்று கேட்கிறார், அந்த நாலு வார்த்தைக்கு ரெண்டு தடவை மூச்சு வாங்குகிறார்.

நேற்று வகுப்பில் எலி ஊரைத் திறந்தால் கடைசி வீட்டைக் காணோம். வெறும் புல் தரை. யார் அழிச்சது என்று கத்தினேன். வாணி எழுந்து நின்று, அழிக்கல அங்கிள், எங்க வீட்டத் தூக்கி ரோட்டாண்ட வெச்சிட்டேன், இப்ப ஆம்புலன்ஸ் வாசலுக்கே வரும், கரோலின் அக்கா ரூமு அப்டியே இருக்கட்டும் என்றாள். போய்ப் பார்த்தேன். ஒரு கட்டை தப்பில்லாமல் கட்டியிருந்தாள், ஜன்னல், படி, அவள் தாத்தா உட்காருகிற சேர் வரைக்கும். நான் சொல்லிக் கொடுத்த கணக்கு. நல்லா கட்டியிருக்கே என்று சொன்னேன். வகுப்பைச் சீக்கிரம் விட்டுவிட்டேன்.

உன்னை அனுமதி கேட்கவில்லை கரோலின். கேட்டால் நீ சரி என்பாய், மனசுக்குள் வைத்துக்கொண்டே சரி என்பாய், அது எனக்கு வேண்டாம். நீ இடிக்காதே என்று சொன்னாலும் நான் இடிப்பேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ரூம் சாவி உன்னிடம் இருக்கிறது. அந்தப் பூட்டை உடைக்க எனக்கு ரெண்டு நிமிஷம் போதும், ஒரு வாரமாக உடைக்காமல் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறேன். சாவியை ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. உள்ளே யாரும் பார்க்கக் கூடாதது ஏதாவது இருந்தால் அம்மாவுக்குச் சொல், அவளே எடுத்து வைப்பாள், நான் உள்ளே பார்க்க மாட்டேன்.

தண்ணி காய்ச்சுகிற ராடை பிளாஸ்டிக் பக்கெட்டில் போடாதே, போட்டால் சுவிட்சை அணைக்காமல் தண்ணியில் கை வைக்காதே, ஹாஸ்டல் ஒயரிங்கை நான் நம்ப மாட்டேன். ஸ்வெட்டர் இன்னொன்று வாங்கிக்கொள். ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, தொட்டது துலங்கச் செய்வாராக. அம்மா கோபம் என் மேலேதான், உன் மேலே இல்லை, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே.

இப்படிக்கு,
அப்பா நோயல்

இனி செய்யப்போவது:

1. டிசம்பர் ஒண்ணாம் தேதி வரைக்கும் சாவிக்குப் பார்ப்பேன். வராவிட்டால் பூட்டை அறுப்பேன்.

2. உன் புஸ்தகங்களை பியாட்ரிஸ் டீச்சர் வீட்டு அலமாரியில் வைப்பேன், கேட்டுவிட்டேன். துணிகள் நம் பீரோவில், என் பக்கத்துத் தட்டில்.

3. மேஜை முழுசாக உள்ளே நுழையாது, ரெண்டாக அறுக்கணும். பட்டன் பலகையை அறுக்க மாட்டேன், உள்ளே ஜன்னலுக்குக் கீழே மாட்டுவேன்.

4. டிசம்பர் ஏழு, சனிக்கிழமை, சுவரை இடிப்பேன். ஆள் வைக்க மாட்டேன். அன்னிக்கு வகுப்பு கிடையாது.

5. கம்பத்தைப் பற்றிக் கொடுத்த மனுவை வாபஸ் வாங்குவேன். கையெழுத்துப் போட்ட ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் ஏன் என்று சொல்வேன், மரியகுழந்தை ஆண்ட்டியிடம் கடைசியாக.

6. ஸ்டாண்டில் கேட்டு, வெறும் ஆம்புலன்ஸை ஒரு தடவை கடைசி வீடு வரைக்கும் ஓட்டிப் பார்ப்பேன்.

7. அது போய் நின்ற பிறகு வாணியைக் கூப்பிட்டு, தாத்தா வீட்டைத் திரும்பப் பழைய இடத்திலேயே கட்டச் சொல்வேன்.