கறுப்புக் கார் ஏன் அவ்வளவு பெட்ரோல் குடித்தது

படாளம்,
செவ்வாய்க்கிழமை.

ஓசூரில் மகள் திவ்யா வீட்டில் இருக்கும் திரு. உலகநாதன் அவர்களுக்குப் படாளம் ஞானதாஸ் வணக்கத்துடன் எழுதச் சொல்வது. 'திரு'வும் 'அவர்களு'ம் என் பேத்தி ஜாக்குலின் போட்டது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். நான் சுகம். நீங்களும் ஞாயிற்றுக்கிழமை வரைக்காவது சுகமாக இருக்க வேண்டும்.

கல்பாக்கத்தில் முதல் தடவையாகக் கரண்ட் எடுத்த வருசம் அது. கிரிக்கெட்டில் நம் ஆட்கள் உலகக் கோப்பை வாங்கியதும் அந்த வருசம்தான். நீங்கள் ஊருக்கே லட்டு கொடுத்தீர்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் மறுநாள் மீந்தது வந்தது. அப்போது என் தம்பி மோசஸ் உங்கள் கறுப்புக் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். கல்பாக்கத்துக்கு வந்த இன்ஜினியர்களை மாமல்லபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் கொண்டுபோய் விடுவது வேலை. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஓடிய வண்டி திடீரென்று ஆறுதான் ஓடியது. உங்களுக்கு மறந்திருக்கும். அன்றைக்கு நீங்கள் போட்டிருந்த சட்டையில் மேல் பட்டன் இல்லை என்பதுகூட எனக்கு மறக்கவில்லை.

டயரில் காற்றைப் பார்த்தீர்களா? இல்லை. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டீர்களா? அதுவும் இல்லை. கையில் ரப்பர் டியூப்போடு நேராக டீக்கடைப் புளியமரத்தடிக்கு வந்தீர்கள். "இன்னாடா, எப்படி உறிஞ்சி எடுத்த? எல்லாரும் பாக்கட்டும், செஞ்சு காட்டு" என்றீர்கள். உங்கள் ஆட்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மோசஸ் டேங்க்கில் டியூப்பை விட்டு உறிஞ்சினான். பெட்ரோல் உள்ளே போய், மூச்சு அடைத்து, அங்கேயே விழுந்தான். "நடிக்கிறான் பாரு" என்றீர்கள். டீக்கடையில் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் நெஞ்சு சரியாகவே இல்லை. யாரும் அவன் கையில் வண்டிச் சாவி கொடுக்கவும் இல்லை. சுனாமி வந்த வருசம் இருமியே செத்தான். கல்லறைத் தோட்டத்தில்கூட ஒருவன், "பெட்ரோல் மோசஸா?" என்று கேட்டான்.

இனி இந்த வருசத்துச் செய்தி. என் மகன் ஜெபக்குமார் மாமல்லபுரத்தில் டாக்சி வண்டிகள் விடுகிறான். அதில் வெள்ளை வண்டியை ஓட்டுவது உங்கள் பேரன் கலையரசன். மறைமலை நகரில் கம்பெனி வேலை என்று உங்களிடம் சொல்லியிருப்பான். கம்பெனி அவனை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறான், என்னைத் தாத்தா என்கிறான். பழைய கதை ஒன்றும் அவனுக்குத் தெரியாது.

போன மாதம் அந்த வண்டி திடீரென்று டீசலைக் குடிக்க ஆரம்பித்தது. பதினெட்டு கொடுத்தது பதினொன்றுக்கு இறங்கிவிட்டது. அவனே வந்து சொன்னான். ஜெபக்குமார் டயருக்குக் காற்று அடித்துப் பார்த்தான். ஏர் ஃபில்டர் கரியாக இருந்தது, மாற்றினான். கோயில் பார்க்கப் போனவர்கள் திரும்புகிற வரை ஏசியை ஓடவிடாதே என்றான். டீசல் போடும் பங்க்கை மாற்றினான். இன்ஜெக்டரைக் கழுவினான். ஒன்றுக்கும் அசையவில்லை. மற்ற டிரைவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னா மச்சான், டீசல்லயே குளிக்கிறியா?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் கலையரசன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தான். அன்றிலிருந்து உங்கள் பேரனுக்குச் சோறு இறங்கவில்லை. "தாத்தா, எங்கம்மா மேல சத்தியமா நான் எடுக்கல" என்று என் காலைப் பிடித்தான்.

நான் செங்கல்பட்டுக்குப் போய் ஒரு ரப்பர் டியூப் வாங்கிவந்து, அவன் சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிரே ஆணியில் மாட்டினேன்.

சனிக்கிழமை மெக்கானிக் ரஞ்சித்குமார் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கினான். பின் சக்கரம் கையால் சுற்றினால் சுற்றவில்லை. கடற்கரையில் நாள் முழுக்க ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துகிற வண்டி. உப்புக் காற்றில் கேபிள் துருப்பிடித்து, பிரேக் பாதி பிடித்தபடியே நின்றிருக்கிறது. அதை இழுத்துக்கொண்டு ஓடினால் டீசல் குடிக்காமல் என்ன செய்யும்? உங்கள் பேரன் ஒரு சொட்டு எடுக்கவில்லை. இது ரஞ்சித்குமாருக்கும் எனக்கும் மட்டும் தெரியும், இப்போது எழுதுகிற ஜாக்குலினுக்கும். "வாய மூடிக்கினு இரு, வண்டி ஷெட்லயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். பையனிடம் சொல்லவில்லை. பெற்ற மகனிடமும் சொல்லவில்லை.

அந்த வார்த்தையை நான் உங்களிடம்தான் கற்றேன். மோசஸை விரட்டிவிட்டு நீங்களே கறுப்புக் காரை ஓட்டினீர்கள். அப்போதும் அது ஆறுதான் ஓடியது. மோகன் மெக்கானிக்கிடம் கொண்டுபோனீர்கள். பிரேக் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. "வாய மூடிக்கினு இரு. நான் போயி அவங்கிட்ட தப்புனு சொல்லணுமா?" என்று மோகனிடம் சொன்னீர்கள். மோசஸை அடக்கம் செய்த அன்று மோகன் அழுதுகொண்டே என்னிடம் சொன்னான். நான் ஊரில் சொன்னேன். திருடனுக்கு அண்ணன் வேறு எப்படிப் பேசுவான் என்றார்கள். நீங்கள் வாய் திறந்தால்தான் நம்புவார்கள்.

அதனால், வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் டீக்கடைக்கு வருகிற நேரத்துக்கு வந்துவிடுங்கள். ரோடு அகலமாக்கும்போது புளியமரத்தை வெட்டிவிட்டார்கள், ஆனால் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. மோசஸ் திருடவில்லை, பிரேக்தான் பிடித்திருந்தது, தெரிந்தும் மறைத்தேன் என்று சத்தமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடித்த நிமிடம் ரஞ்சித்குமார் பார்த்ததை நானும் சொல்வேன். நீங்கள் வரவில்லை என்றால், எல்லோர் முன்னாலும் அந்த டியூப்பை உங்கள் பேரன் கையில் கொடுப்பேன்.

"தாத்தா, இது மிரட்டல். பாவம், கலையரசன் அண்ணன் இன்னா பண்ணாரு?" என்கிறாள் ஜாக்குலின். மோசஸ் என்ன செய்தான் என்று கேட்டேன். அதையும் எழுதிவிட்டாள். கலையரசன் நல்ல பையன். மோசஸும் நல்ல பையன்தான்.

முழங்கால் வலி என்று சொல்ல வேண்டாம். செங்கல்பட்டில் இறங்கினால் ஜெபக்குமார் கார் அனுப்புவான். அது வரைக்கும் கர்த்தர் உங்களுக்கு ஆயுசைக் கொடுக்கட்டும், தினமும் கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், எனக்கு எல்லாம் தெரியும். டீக்கடைக்காரர் போய்விட்டார். என்னைப் பிடித்திருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். சிரித்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். உங்களையும் என்னையும் தள்ளிவிட்டால், அன்றைக்கு அங்கே நின்றவர்களில் மீதி ஒரே ஆள்தான். வயிற்றில் பிள்ளையோடு புருசனுக்குச் சோறு கொண்டுவந்து, கேரியரைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் அவன் வாயைத் துடைத்தவள். இன்றைக்கும் பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போது மூக்கை மூடிக்கொள்கிறவள். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள், செங்கம்மாள்.